ராகேலின் ஆப்பமும் கராச்சி ரொட்டியும்

“என் ‘நான்’ ரொட்டியைப் பிடிச்சுக்கிடணும் அக்கா, இல்லேன்னா சங்குமுகம் கடலுக்குப் பறந்துரும், கேட்டியளா!” என்கிறாள் கராச்சியிலிருந்து வந்திருக்கும் ஓரகத்தி எஸ்தர். ஆரியசாலை வட்டாரத்தையே ஆப்பத்தால் ஆண்டுவரும் ராகேல் உதட்டைச் சுழிக்கிறாள். தயிர் விட்டுப் பிசைந்து பொங்கிய மாவைத் தட்டி, பூண்டைப் பதித்து, அடியில் நீர் தடவி இரும்புக் கல்லில் ஒட்டும் எஸ்தர், கல்லை அப்படியே தேங்காய்ச் சிரட்டைக் கனலுக்கு மேல் கவிழ்க்கிறாள். ரொட்டி விழட்டும் என்று கர்த்தரிடமே கேட்கிறாள் ராகேல். விழவில்லை, பொன்கொப்புளங்களோடு உப்புகிறது. ராகேலின் வயிற்றெரிச்சலில் இன்னும் நூறு ரொட்டி சுடலாம். ஆப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவள் கணவன் சத்தியநேசன் ரொட்டிக்குத் தட்டை நீட்டுகிறான். “பஞ்சாட்டம் இருக்கே!” ராகேலும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போடுகிறாள். மெல்லுமுன் காணோம். “பறக்கத்தாண்டி செய்யுது, எஸ்தரு. இன்னொண்ணு தா, பிடிச்சுப் பாக்கேன்.”