கருப்பட்டியின் கோட்டு

டீக்கடை டிவியில் ஒரு சீரியல் ஓடும். அதில் வரும் வக்கீல் கோட்டு போட்டு நடந்து வந்தால், எதிர்க் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கருப்பட்டி என்ற காக்கை வைத்த கண் வாங்காமல் பார்க்கும். வெள்ளிக்கிழமை அது பெண் பார்க்கப் போக வேண்டும். போனால் அந்த மாதிரிக் கோட்டோடுதான் போவது என்று தையல்சிட்டிடம் போய் நின்றது.

சிட்டும் இரண்டு நாள் சீரியல் பார்த்தது. "காலர் வேண்டாம் அண்ணே. கழுத்துல சாம்பல் நிறத்துல ஒண்ணோடதான் பொறந்திருக்கீங்க" என்றது. தேக்கிலையில் அச்சு அசலாகத் தைத்து, குன்றிமணியைப் பட்டனாக வைத்துக் கொடுத்தது.

போட்டதும் கருப்பட்டிக்குத் தலைகால் புரியவில்லை. பறக்கப் பார்த்தபோதுதான் இறக்கை உள்ளே மாட்டிக்கொண்டது தெரிந்தது.

"என்னப்பா இது?"

"சீரியல்ல அவர் ஒரு நாளும் பறக்கலையே அண்ணே!"

வேறு வழியில்லாமல் பெண் வீட்டு வேப்பமரம் வரை நடந்தே போனது. பெண்காக்கை அஞ்சனம் உச்சிக்கிளையில் இருந்தது. கருப்பட்டி கீழே வக்கீல் மாதிரி தலையைச் சாய்த்து நின்றது.

அந்த நேரம் பார்த்து யாரோ மதில்மேல் சோறு வைத்தார்கள். கருப்பட்டிக்குக் கோட்டு மறந்துபோனது. ஊரையே கூப்பிட இறக்கையை விரித்து, "கா... கா..." என்று கத்தியது. குன்றிமணிகள் நாலாபக்கமும் தெறித்தன. தேக்கிலை கிழிந்து தொங்கியது.

முதலில் வந்து இறங்கியது அஞ்சனம்தான். அது சோற்றைத் தொடவில்லை. ஒரு குன்றிமணியைப் பொறுக்கிக் கருப்பட்டியின் முன் வைத்தது.

"கோட்டு நல்லாத்தான் இருந்துச்சு. தையல்காரர் யாரு?"

"எதுக்கு?"

"கல்யாணத்துக்கும் ஒண்ணு வேணுமே. இந்தத் தடவை ரெக்கைக்கு வழி விடச் சொல்லுங்க."