வாரா வாரம் ஒரு வீடியோ

"முதல்ல ஆளு, அடுத்தது வினை, அப்புறம்தான் மத்ததெல்லாம். தமிழ் மாதிரி வினையைக் கடைசியில வெச்சீங்கன்னா மேடம் சிரிப்பாங்க" என்றார் ஏஜென்ட் பஞ்சநாதன்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போதுதான் அவர் மரக்காணத்துக்கு வருவார். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு உப்புக் கொட்டகையில் இலவச இங்கிலீஷ் வகுப்பு.

சங்கீதா சட்டென்று பிடித்துக்கொண்டாள். "மேடம் லவ்ஸ் மீ. ஐ ஈட் குட் ஃபுட். நோபடி பீட்ஸ் மீ."

"யாரு சார் அடிக்கப் போறாங்க?"

"வாக்கியத்துக்கு ஒரு வினை வேணுமேம்மா!"

தப்பைத் திருத்த என்று வீடியோ எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் வேறு சுடிதார் போடச் சொன்னார்.

கிளம்பும் நாளன்று சங்கீதா, போன வருடம் இதே வேலைக்குப் போன செந்தமிழின் அம்மா சுலோசனாவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள்.

"எம் பொண்ணு என்னமா இங்கிலீஷ் பேசுறா பாரு! எனக்குத்தான் ஒண்ணும் புரியல. ஏஜென்ட் வாரா வாரம் தவறாம அனுப்பிடுறாரு" என்று சுலோசனா போனை நீட்டினாள்.

"மேடம் லவ்ஸ் மீ" என்றாள் செந்தமிழ். அவளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல். வகுப்பு நடந்த அதே கொட்டகை.

சங்கீதா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அவகிட்ட எப்ப போன்ல பேசினீங்க அத்தை?"

"ஃப்ளைட் ஏறுன அன்னைக்குப் பேசுனதோட சரி. அதான் இது வருதே!"

வாசலில் வேன் வந்து நின்றது.

"நேரமாச்சும்மா" என்றார் பஞ்சநாதன், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தபடி.