டாக்டர்னு மட்டும் சொல்லாதீங்க

"‘டாக்டர்’னு மட்டும் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க, அக்கா. சொன்னா என் லைசென்ஸ் போச்சு."

காலையிலிருந்து நஸ்ரியா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பழவேற்காடு ஏரியில் குப்பம் குப்பமாகப் படகில் போய், பக்கவாதம் வந்தவர்களின் கையையும் விரலையும் மறுபடி வேலைக்குப் பழக்கிவிடுகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அவள். டாக்டர் இல்லை. டாக்டர் என்று சொல்லிக்கொண்டால் லைசென்ஸ் கொடுக்கிற கவுன்சில் அவள் பதிவை ரத்து செய்துவிடும்.

"நாங்க இன்னாம்மா கண்டோம்? கைய சரி பண்ணா டாக்டருதானே?" என்றாள் லோகாம்பாள். "எல்லாம் இந்தப் பாவி பண்ண வேலை."

பாவி என்றது கொழுந்தன் ராஜேந்திரனை. உண்மையில் அவன் செய்தது பாவமில்லை, பாசம். அண்ணன் தெய்வசிகாமணியின் விழுந்துபோன கை வலை ஊசியைப் பிடித்ததுதான் தாமதம், படகுத்துறையில் பேனர் வைத்துவிட்டான். ‘எங்கள் அண்ணன் கைக்கு உயிர் தந்த டாக்டர் நஸ்ரியா அவர்களே, வருக வருக!’ அவள் படம் ஒரு மூலையில். கூலிங்கிளாஸ் போட்ட அவன் படம் நடுவில். எந்தப் புண்ணியவானோ அதை போட்டோ எடுத்து கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டான். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம் பார்த்து, விசாரிக்க இன்று சென்னையிலிருந்து ஆள் வருகிறது.

"நான் வாயே தொறக்க மாட்டேன், அண்ணி" என்றான் ராஜேந்திரன்.

"நீயா? உன் வாய்க்குப் பூட்டு போட்டா, சாவி ஓட்டை வழியாப் பேசுவே!"

"அப்போ இவங்கள இன்னானுதான் சொல்றது? ஆக்குபேசன்னு சொன்னா, சோறாக்க வந்தவங்கனு வர்றவரு நெனச்சுக்கப் போறாரு."

நஸ்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "‘தெரபிம்மா’னு சொல்லுங்கண்ணே, போதும். லைசென்ஸ் இல்லேன்னா, எனக்குச் சம்பளம் குடுக்கிற டிரஸ்ட்ல என்னைப் படகு ஏத்த மாட்டாங்க. இந்தப் பக்கமே வர முடியாது. எனக்கு வேற வேலையும் தெரியாது."

லோகாம்பாள் ஏரிப் பக்கம் திரும்பினாள். இவள் வராவிட்டால் இந்த ஏரியைத் தாண்டி யார் வரப்போகிறார்கள்? வாசலில் நாற்காலியில் சாய்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். கை திரும்பிவிட்டது, பேச்சுதான் இன்னும் திரும்பவில்லை. நாளெல்லாம் ‘லோகா, லோகா’ என்று கத்திக்கொண்டிருந்த மனுஷன், பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பேச்சு என் வேலை இல்லக்கா. ஆனா அவர்கிட்ட எதையாவது சொல்லிட்டே இருங்க" என்று நஸ்ரியா சொன்னதிலிருந்து, மீன் விலை, காற்று, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவன் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். கங்கையம்மனுக்கு வேண்டுதலும் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும் அவளுக்கு.

மதியம் விசாரணைக்கு வந்தவர் ஹரிஹரன். நல்ல மனிதர்தான், விதியை மட்டும் விடமாட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"பேனர் ஒருத்தர் ஆசைக்கு வெச்சது. அது போகட்டும்" என்றார். "ஊர்ல இவங்கள என்னன்னு கூப்பிடறீங்க? அதுதான் எனக்குத் தெரியணும். இவங்களே அப்படிச் சொல்லிக்கிட்டிருந்தா, உங்க வாயிலயும் அதுதானே வரும்?"

ராஜேந்திரன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "நாங்க எப்பவுமே இவங்கள டா..."

லோகாம்பாள் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"...தெரபிம்மானுதான் சார் கூப்பிடுவோம்!"

"நீங்கம்மா?"

"தெரபிம்மாதான், சார்."

வேலியோரத்துப் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரே குரலில் "தெரபிம்மா!" என்றார்கள்.

ஹரிஹரன் குறித்துக்கொண்டார். காகிதங்களைப் பையில் போட்டு மூடினார். "சரிம்மா, ஏதோ ஆர்வக்கோளாறுனு எழுதிடறேன். உங்க பதிவுக்கு ஒண்ணும் ஆகாது."

நஸ்ரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டாள். லோகாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கிளம்பியவர் தெய்வசிகாமணியின் நாற்காலி அருகே நின்றார். "கை எப்படிங்க இருக்கு? தூக்குங்க பார்ப்போம்."

தெய்வசிகாமணி வலது கையைத் தோள் வரைக்கும் தூக்கினான்.

"அட, நல்லாத் தூக்கறாரே!" ஹரிஹரனுக்கு நிஜமாகவே சந்தோஷம். நஸ்ரியாவைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதா?" என்று சும்மா கேட்டுவைத்தார்.

"அவருக்குப் பேச்சு வராது, சார்" என்றாள் லோகாம்பாள்.

தூக்கிய கை மெல்லத் திரும்பி நஸ்ரியா பக்கம் நீண்டது. கோணிய வாய் துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"டாக்... டாக்டர்."

லோகாம்பாள் அலறிக்கொண்டு ஓடிவந்து நஸ்ரியாவைக் கட்டிக்கொண்டாள். "பேசிட்டாரு டாக்டரம்மா! என் வூட்டுக்காரரு பேசிட்டாரு டாக்டரம்மா!"

வேலியோரமெல்லாம் "டாக்டரம்மா! டாக்டரம்மா!" என்று ஒரே ஆரவாரம்.

ஹரிஹரன் மூடிய பையை மறுபடி திறந்தார்.