பன்னிரண்டாவது பேட்டி

"நான் சொல்றது இந்த ரூமை விட்டு வெளியே போகாதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா, மேடம்?"

கதவருகே நின்றபடியே கேட்டாள் யுஸ்ர். இருபத்தாறு வயது. பொது வார்டு நர்ஸ். வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவள் வருவாள் என்று ரவ்தா எதிர்பார்க்கவில்லை.

"நான் உங்களைக் கூப்பிடலையே."

"எந்த நர்ஸும் வரலாம்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தீங்களே?"

"ஒட்டியிருந்தேன்" என்றாள் ரவ்தா. சிறிது யோசித்துவிட்டு, "உட்காருங்க" என்றாள்.

எந்த மருத்துவமனைக்கு எத்தனை நர்ஸ், எத்தனை டாக்டர் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் சுகாதார அலுவலகத்தில் ரவ்தாவின் வேலை. இருபத்து மூன்று வருடமாக அதே கணக்கு. நாற்பத்தொன்பது வயதில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தபோது மேலதிகாரி சிரித்தார். "எத்தனை பேர் வேலையை விட்டுப் போறாங்கன்னு உனக்குத்தான் விரல் நுனியில இருக்கே. இன்னும் என்ன படிப்பு?"

"ஏன் போறாங்கன்னு தெரியாதே" என்று பதில் சொன்னாள். அதுவே ஆய்வுத் தலைப்பாகவும் ஆனது. பன்னிரண்டு நர்ஸ்களைப் பேட்டி எடுக்க வேண்டும். பதினொன்று முடிந்திருந்தது. பேட்டிகளைப் பேராசிரியருக்கு அனுப்ப மறுநாள்தான் கடைசி நாள்.

யுஸ்ர் ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படித்தாள். "எடுத்த முடிவை மாத்தச் சொல்லி வற்புறுத்த மாட்டேன்னும் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப சரி." கையெழுத்திட்டாள். ரவ்தா ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தினாள்.

"வேலையில என்ன கஷ்டம்?"

"முப்பத்திரண்டு படுக்கைக்கு நான் ஒருத்தி. ரொட்டியில கொஞ்சம் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவி, அதையும் நின்னுகிட்டேதான் திங்கறேன். ரெண்டு பேர் வேலையை விட்டுட்டாங்க, ஆள் போடுங்கன்னு எழுதினோம். 'அடுத்த திட்டத்தில் பரிசீலிக்கப்படும்'னு பதில் வந்துச்சு. அந்தத் திட்டம் உங்க மேஜையிலதானே இருக்கு, மேடம்?"

ரவ்தா நிமிரவில்லை. "இருக்கு. அடுத்த கேள்வி. வெளிநாடு போற எண்ணம் உண்டா?"

"எண்ணமா? கையெழுத்தே போட்டாச்சு. ஜெர்மனி. பதினெட்டாம் தேதி விமானம்."

பேனா நின்றது.

"பதினெட்டா? இன்னும் பதினோரு நாள்தானே இருக்கு!"

"இது கேள்வித்தாள்ல இருக்கா?"

"...இல்ல."

"அப்ப அடுத்ததுக்குப் போகலாம்."

ரவ்தா தண்ணீர் குடித்தாள். "பதினாலாவது கேள்வி. வீட்டுல யார் யார் இருக்காங்க? அவங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா மட்டும்தான். அப்பா இறந்து ஆறு வருஷமாச்சு. அம்மாகிட்ட சொல்லலை."

"ஏன்?"

யுஸ்ர் முதன்முறையாகத் தயங்கினாள். "மூணு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவங்க அழ மாட்டாங்க. அழுதா சமாளிச்சுடுவேன். 'நாளைக்குப் பேசலாம்'னு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுடுவாங்க. அந்த முதுகைப் பார்த்தா நான் போக மாட்டேன், மேடம். இங்கேயே இருந்துடுவேன். அப்புறம் காலம் பூரா அவங்க மேல கோவமா இருப்பேன். அது வேண்டாம்."

ரவ்தா கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"கடைசிக் கேள்வி. என்ன செஞ்சிருந்தா இங்கேயே இருந்திருப்பீங்க?"

"இன்னும் ஒரே ஒரு நர்ஸ் போட்டிருந்தாப் போதும்."

ரவ்தா கருவியை அணைத்தாள். யுஸ்ர் எழுந்தாள். ரவ்தா ஏதாவது சொல்வாளா என்று பார்த்துக்கொண்டே கதவுவரை போனாள்.

"அங்க குளிர் அதிகம்" என்றாள் ரவ்தா. "வற்புறுத்தலை. தகவலுக்குச் சொன்னேன்."

யுஸ்ர் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது. வேகமாக வெளியே போய்விட்டாள்.

மறுநாள் பகலில் பேராசிரியர் ஹெதி ஃபோன் செய்தார். "என்னம்மா, பதினோரு பேட்டிதான் அனுப்பியிருக்கே?"

"பன்னிரண்டாவது சேராது சார்."

"ஏன்? அந்த நர்ஸ் சரியா பதில் சொல்லலையா?"

"மனசைத் திறந்து பேசினா, சார். இருபத்து மூணு வருஷமா எனக்குப் புரியாதது நேத்துதான் புரிஞ்சுது."

"அப்புறம் என்ன? அதையும் சேர்த்து அனுப்பு. இல்லேன்னா இந்தப் பருவம் போச்சு. பட்டம் ஆறு மாசம் தள்ளிப்போகும்."

"போகட்டும் சார்" என்றாள் ரவ்தா. "பெத்த மகளைப் பேட்டி எடுத்தா ஆய்வுல சேர்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"