ராசாவுக்கு ஏற்ற முகம்

கலியாணங்களுக்கு வீடியோ எடுக்கிற நாகலிங்கம், பழைய பிரெஞ்சு ராசா ஒருவரின் கதையை யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலேயே படமாக்கத் தொடங்கியபோது, ராசா வேடம் கேட்டு ஆஸ்பத்திரி டொக்டர் வந்து நின்றார்.

நாகலிங்கத்துக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. போன மாதம்தான் அவர் அவனுடைய தாயின் உயிரைக் காப்பாற்றியிருந்தார்.

"குறை நினையாதேங்கோ, டொக்டர். உங்கடை முகவெட்டு ராசாவுக்குச் சரிவராது."

"ஏன், என் முகத்துக்கு என்ன?"

"பாத்த உடனை சனம் நம்பவேணும். நிறமும் காணாது. வெயில் உங்களை நல்லாச் சுட்டுப்போட்டுது."

"பவுடர் பூசலாமே?"

"எடுபடாது. சங்கக்கடை மனேஜர் தியாகலிங்கம் அண்ணைக்கு ரெண்டு டின் பூசிப் பாத்தனாங்கள். அசல் பிரெஞ்சுக்காரன்தான்!"

டொக்டரின் முகம் வாடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்த ராசாவின் கதையைப் படித்த நாளிலிருந்தே அவருக்கு அந்த ஆசை.

"அப்படியென்றால் எனக்கு ஒரு வேடமும் இல்லையா?"

நாகலிங்கம் யோசித்தான்.

"ஒண்டு இருக்கு. அரண்மனைக்கு முத்து விக்கப் போற யாழ்ப்பாணத்து வியாபாரி. உங்களைப் போலத் திருத்தமாத் தமிழ் கதைக்க இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?"

அன்று பின்னேரமே டொக்டர் வேட்டி கட்டி, திருநீறு பூசி, தியாகலிங்கத்தின் சிம்மாசனத்துக்கு முன்னால் கைகட்டி நின்று நடித்தார்.

படப்பிடிப்பு முடிந்ததும், பாரிஸில் இருக்கும் தன் தாய்க்கு டொக்டர் பியேர் பிரெஞ்சில் கடிதம் எழுதினார்:

"அம்மா, என்னைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரனைப் போலவே இல்லையாம்."