குரல்காரி விட்டுப்போன நான்கு வசனம்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடிகை மைக்கின் முன்னால் நின்றாள். எதிரே திரையிலும் அவளேதான் நின்றாள், ஒரு மூடிய கதவின் முன்னால்.

நான்கு வசனம்தான் பாக்கி. மீதிப் படம் முழுக்கக் குரல்காரி பேசி முடித்துவிட்டாள். பேசிய கையோடு செத்தும் போனாள். இன்றோடு பதினோரு நாள்.

நடிகைக்கு எழுபத்திரண்டு வயது. அதில் பதினாறு வருஷம் நாடக மேடை. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை எட்டிய குரல். சினிமாவுக்கு வந்தபோது முதல் இயக்குநர் அவள் முகத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார், குரலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கிறதாம்.

பேசுவதற்கு ஆளை இவளே கூட்டிக்கொண்டு போனாள். ஒரே நிபந்தனைதான் போட்டாள். குரல்காரி யார் எவள் என்று யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது.

இருவரையும் சேர்த்துப் பார்த்தவர் அந்த இயக்குநர் ஒருவர்தான். அவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

நாற்பத்தொரு வருஷம் இவள் வாயசைத்தாள், அவள் பேசினாள். இவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் அவள் வேலை தொடங்கும். ஒரே பாத்திரத்துக்கு உயிரைக் கொடுக்கும் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம்.

தொழிலில் இருப்பவர்களுக்குக் குரல் வேறு என்பது மட்டும் தெரியும். ஊருக்கு அதுவும் தெரியாது. வீட்டுக்கு ஃபோன் செய்யும் ரசிகர்கள் இவள் "ஹலோ" சொன்னதும் ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அம்மா குளிக்கிறாங்க என்று சொல்லி வைத்துவிடப் பழகிக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷமாக அந்த அம்மா குளித்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

பெரிய விருது வந்தபோது, மேடையில் ஒரே ஒரு தடவை தன் பெயரைச் சொல்லும்படி குரல்காரி கேட்டாள். இவள் மேடையேறினாள், கைகூப்பினாள், வாயே திறக்காமல் இறங்கிவந்தாள். என்ன அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின.

அதோடு பேச்சு நின்றது. பத்தொன்பது வருஷம். குரல்காரி வேலையை மட்டும் நிறுத்தவில்லை. அவள் குரலைக் கேட்க வேண்டுமென்றால் இவள் தன் படத்துக்குத் தானே டிக்கெட் எடுத்துப் போக வேண்டியிருந்தது. போனாள். எல்லாப் படத்துக்கும் போனாள்.

சாவு வீட்டுக்கும் போனாள். சினிமாக்காரர்களின் வரிசையில் நின்றாள். உடலின் அருகே வந்ததும் முகம் தானாகக் கோணியது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பழக்கதோஷம். இவள் அழுகைக்குச் சத்தம் எப்போதும் பின்னால்தான் வரும். அதைக் கொடுக்கிறவள் கீழே படுத்திருந்தாள்.

இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள். துக்கம் என்று எதுவும் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, வெளியில மிமிக்ரி பண்ற பொண்ணு வந்து உக்காந்திருக்கு. அவங்க குரல அச்சு அசலா பேசும். நீங்களே பேசினா, இத்தனை வருஷம் பேசினது யாருன்னு ஊரே கேக்கும்."

அவருக்கு அக்கறைதான். இந்த நான்கு வசனத்தை இவள் பேசினால் நாற்பத்தொரு வருஷப் பெயர் சந்தி சிரிக்கும். அது இவளுக்கும் தெரியாமல் இல்லை.

"அவ ஏன் இத மட்டும் விட்டுட்டா?"

"தெரியலம்மா. அன்னைக்கு நல்லாத்தான் இருந்தாங்க. பின்னாடி வர்ற சீனெல்லாம்கூடப் பேசிட்டாங்க. இது வந்தப்ப மட்டும் பேப்பரக் கீழ வெச்சிட்டு, இத அவங்களே பேசட்டும்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டாங்க."

வசனத் தாள் இவள் முன்னால் ஸ்டாண்டில் இருந்தது. மற்ற பக்கங்களில் எல்லாம் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் குரல்காரி பென்சிலால் கோடு போட்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை.

கதைப்படி, அக்கா பல வருஷம் கழித்துத் தங்கையின் வீட்டுக்கு வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

இவள் கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்தாள். படம் ஓடியது. திரையில் கை கதவைத் தட்டியதும் தன் தகரக் குரலில் பேசினாள்.

"நான்தான். அக்கா வந்திருக்கேன். கோவத்த அப்புறம் வெச்சுக்கலாம். கதவத் தொற."

படம் நின்றது. ஒலிப்பதிவாளர் கொஞ்சம் தயங்கினார்.

"உதடு சரியா உக்காந்திருச்சும்மா. ஆனா தங்கச்சி வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இல்ல. யாரோ வேத்தாள் வீட்டு முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கு."

"அன்னைக்கும் அப்படித்தான் நின்னேன்."

"என்னைக்கும்மா?"

"பதினோரு நாளைக்கு முன்னாடி. வரிசையில."

அவர் புரியாமல் பார்த்தார். இவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள்.

"சின்ன வயசுல ஒரே போர்வைக்குள்ள படுத்தவங்க தம்பி நாங்க. எங்கம்மாவுக்கு நான் மூத்தவ, அவ ரெண்டாவது."

ஒலிப்பதிவாளரின் கை பொத்தானின்மேல் அப்படியே நின்றது.

"வெளியில இருக்கிற பொண்ண வீட்டுக்குப் போகச் சொல்லுங்க," என்றாள். "படத்த ஓட விடுங்க. இன்னொரு தடவ தட்டிப் பாக்குறேன்."