சூடா ஒரு காபி

"புருஷன் உயிர் போறப்ப காபி கடையில நின்னவங்க, இப்ப சாகக் கிடக்கறவங்க பக்கத்துல உட்காரறதுக்குப் படிக்கப் போறாங்களாம்."

நாத்தனார் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி அடுத்த அறையில்தான் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாத்தனார் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில், பல நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த கணவர் கண்ணைத் திறந்து, "சூடா ஒரு காபி வாங்கிட்டு வாயேன்" என்றார். மனுஷர் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். கேன்டீனில் கூட்டம். கொடுத்த காபியை ஒரு வாய் ருசி பார்த்தாள். சர்க்கரை தூக்கல். கம்மியாகப் போட்டு வேறொன்று கேட்டு வாங்கிக்கொண்டு அவள் மேலே வந்தபோது, நர்ஸ் அவர் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு காபி வாசனை வந்தாலே அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவாள்.

தனக்கு ஆனதுபோல இன்னொருத்தருக்கு ஆகக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தாள்.

சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். சாகப்போகிறவரிடம் பொய் சொல்லாதே, பயப்படாதே என்று உத்தரவு போடாதே, அழுதால் அழவிடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். அவள் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றது ஒன்றுதான்.

"மூச்சு விட்டு விட்டு வர ஆரம்பிச்சா வீட்டு ஆளைப் பக்கத்துல உட்கார வைங்க. அப்புறம் அவங்களை நகர விடாதீங்க."

எதையும் விழுங்க முடியாதவருக்கு ஈரப் பஞ்சால் உதட்டை ஒற்றுவது எப்படி என்று செய்து காட்டச் சொன்னபோது, அவள் கை மட்டும் தடுமாறவில்லை. பழகின கை என்றார் சிஸ்டர். கணவரின் கடைசி வாரம் முழுக்க அவள் செய்த வேலை அதுதானே.

செய்முறைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்தது, நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு தையல்காரி. சின்ன வயசு. தன் நிலைமை இன்னதென்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தையல் மெஷினைக்கூடத் தெரிந்த பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிவிட்டவள்.

முதல் நாளே இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜாக்கெட் தோள்ல இப்படித் தொங்குதே, எவன் தைச்சான்க்கா? நான் எழுந்தேன்னா அவன் கையை ஒடிப்பேன்."

தையல்காரிக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன். லாரி டிரைவர். வண்டியை முதலாளியிடம் விட்டுவிட்டு வந்து, கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுத் தங்கையின் காலைப் பிடித்துவிட்டபடியே கிடந்தான்.

ஒரு நாள் மத்தியானம் தையல்காரியின் மூச்சு மாறியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. டிரைவரை இன்னும் நெருங்கி உட்காரச் சொல்ல இவள் வாயெடுப்பதற்குள், தையல்காரி கண்ணைத் திறந்தாள்.

"அண்ணா, ஐஸ்கிரீம் சாப்பிடணும் போல இருக்கு."

டிரைவரின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சி எப்படிப்பட்டது என்று இவளுக்குத் தெரியும்.

"இதோ, எதிர்க் கடையிலயே..."

"அது வேணாம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கே, அந்தக் கடை."

இவள் வாசலை மறித்தாள். "இப்பப் போகாதீங்க. நான் வேற யாரையாவது அனுப்பறேன்."

"அவ கேட்டது என்னைங்க" என்று இவளைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டான்.

பின்னாலேயே ஓடப் போனவளின் மணிக்கட்டைத் தையல்காரியின் விரல்கள் பிடித்தன. பிடி என்று சொல்லிக்கொள்ளும்படி அதில் பலமில்லை.

"கூப்பிடாதீங்கக்கா."

"அவர் இங்க இருக்கணும்மா. இல்லேன்னா காலம் பூரா..."

"இருந்தா கையை விட மாட்டான். நானும் கிளம்ப முடியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அத்தனை பெரிய வண்டி ஓட்டறான். ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டா ரெண்டு நாள் சோறு இறங்காது அவனுக்கு."

"அப்ப ஐஸ்கிரீம்?"

"நானாக்கா சாப்பிடப் போறேன்?"

வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பஞ்சை நனைத்து உதட்டை ஒற்றினாள். கையைப் பிடித்துக்கொண்டாள். இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின. ஒன்று நீண்டது, முடியவில்லை.

டிரைவர் வந்தபோது ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்திருந்தது. கட்டிலைப் பார்த்தான். கையிலிருந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"கப்பா கோனான்னு கேட்டான் மேடம். நின்னு யோசிச்சேன். அந்த நேரத்துல போய் நின்னு யோசிச்சிருக்கேனே."

இனி ஆயுசு முழுக்க இவன் அந்தக் கடை வாசலிலேயே நிற்பான். அவளுக்குத் தெரியாதா? இதற்கு என்ன சொல்வதென்று சிஸ்டர் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"நீங்க விட்டுட்டுப் போகலப்பா. அவதான் உன்னை அனுப்பினா" என்றாள். மரியாதை எப்போது உரிமையானது என்று அவளுக்கே தெரியவில்லை. "சொட்டுத் தண்ணி இறங்காத தொண்டைக்கு எதுக்குப்பா ஐஸ்கிரீம்?"

சொன்னவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி வாரம் முழுக்க ஈரப் பஞ்சைத் தவிர வேறெதுவும் உதட்டில் படாத அவள் கணவர், அன்று சூடாக ஒரு காபி கேட்டிருந்தார்.